பயத்துக்கும் கட்சி உண்டு

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை வெகுநாட்களாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு இப்போது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. என் மைத்துனர் தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறார்: 2008ஐ விடப் பெரிய சரிவு வருகிறது, வங்கியில் இருப்பதை எல்லாம் எடுத்துத் தங்கமாக மாற்றிவிடுங்கள் என்று. என் அண்ணன் பதிலுக்கு வளர்ச்சி விகித வரைபடங்களைப் போடுகிறார். அது எப்படியோ கடைசியில் கட்சிச் சண்டையில் போய் நிற்கிறது. எனக்கு இரண்டு கேள்விகள். அரசியல் இவ்வளவு பிளந்து கிடக்கும்போது நிஜமாகவே ஒரு நிதி நெருக்கடி வந்தால் யார் சமாளிப்பார்கள்? இரண்டாவதைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வைப்புத்தொகையை எடுத்துவிடலாமா?

(வாசகர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மைத்துனரும் அண்ணனும் பொருளாதாரத்தைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக நுகர்வோர் மனநிலையைப் பற்றி ஒரு சர்வே நடத்திவருகிறது. 2016 நவம்பர் தேர்தல் முடிந்ததும் அதில் ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரை எல்லாம் நாசமாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த குடியரசுக் கட்சிக்காரர்களுக்குத் திடீரென்று எதிர்காலம் பிரகாசமாகத் தெரிய ஆரம்பித்தது, ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு அதே எதிர்காலம் இருண்டுபோனது. 2020 தேர்தலுக்குப் பிறகு அப்படியே தலைகீழ். 2024ல் மறுபடியும் தலைகீழ். அந்தச் சில வாரங்களில் யாருடைய சம்பளமும் கடனும் அப்படியொன்றும் மாறிவிடவில்லை, நாற்காலியில் யார் உட்காரப் போகிறார் என்பது மட்டும்தான் மாறியது. ஆகவே அடுத்த வீடியோ வரும்போது மைத்துனரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதை அனுப்புவீர்களா? அண்ணனிடமும் அதையே திருப்பிக் கேளுங்கள்.

இதனால் பயமே பொய் என்று ஆகிவிடாது. நெருக்கடிகள் வரத்தான் செய்கின்றன. ஏன் வருகின்றன என்பதும் பெரிய ரகசியம் இல்லை: குறுகிய காலத்துக்கு வாங்கிய பணத்தை நீண்ட காலக் கடனாகக் கொடுத்து, எல்லோரும் ஒரே நாளில் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் ஓட்டுவது, அதுவும் நல்ல காலத்தில் அந்தத் தைரியம் கூடிக்கொண்டே போவது. எப்போது என்பதுதான் யாருக்கும் தெரியாது. இர்விங் ஃபிஷர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பொருளாதார அறிஞர்களில் ஒருவர். 1929 அக்டோபரில், பங்கு விலைகள் இனி இறங்காத ஒரு மேட்டுக்கு வந்துவிட்டன என்று சொன்னார். இரண்டே வாரத்தில் சந்தை தலைகுப்புற விழுந்தது. வருடா வருடம் சரிவு வருகிறது என்று சொல்பவரும் ஒரு வருடம் ஜெயிப்பார், அதை ஜோசியத் திறமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. பிளவு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் திரும்பிப் போவது அமெரிக்காவின் 1932-33 குளிர்காலத்துக்கு. நவம்பர் அதிபர் தேர்தலில் ஹூவரைத் தோற்கடித்து ரூஸ்வெல்ட் ஜெயித்துவிட்டார், ஆனால் அன்றைய சட்டப்படி மார்ச் 4 வரைக்கும் ஹூவர்தான் அதிபர். நடுவில் நாலு மாதம். பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலம் தன் வங்கிகளை எல்லாம் மூடியது, பீதி மாநிலம் மாநிலமாகப் பரவியது. ஹூவர் தன் கைப்பட ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்: பட்ஜெட்டைச் சமன் செய்வேன், பணவீக்கத்துக்கு இடம் தர மாட்டேன் என்று நீங்கள் இப்போதே அறிவித்தால் ஜனங்கள் அமைதியாவார்கள் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் அதே சமயம் தன் கட்சி செனட்டர் ஒருவருக்கு அவர் எழுதியது வேறு. இதற்கு ரூஸ்வெல்ட் ஒப்புக்கொண்டால், அவர் தேர்தலில் பேசிய ‘நியூ டீல்’ என்ற புதிய திட்டத்தில் 90 சதவீதத்தைக் கைவிட்டதாக அர்த்தம் என்று தெரிந்தே எழுதினார். ரூஸ்வெல்ட்டும் லேசுப்பட்டவர் இல்லை. அவருடைய பதில் ஹூவர் கைக்கு வந்தது மார்ச் 1ஆம் தேதிதான். எரிகிற வீடு ஹூவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம் என்பது என் ஊகம். மார்ச் 4 காலையில் பெரும்பாலான மாநிலங்களில் வங்கிகள் மூடியிருந்தன, அல்லது பணம் எடுக்கக் கட்டுப்பாடு இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு அதைவிட ஆச்சரியம். மார்ச் 6 நாடு முழுக்க வங்கி விடுமுறை. 9ஆம் தேதி அவசர வங்கிச் சட்டம் வந்தது. நாடாளுமன்றத்தின் கீழவையில் உறுப்பினர்களுக்குப் படிக்கக்கூடப் பிரதி இல்லை, இருந்த ஒரே பிரதியை உரக்க வாசித்தார்கள், குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள், அன்று இரவே கையெழுத்தும் ஆகிவிட்டது. 12ஆம் தேதி ரூஸ்வெல்ட் வானொலியில், வங்கி உங்கள் பணத்தை என்ன செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்துப் பொறுமையாக விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறந்தபோது ஜனங்கள் பணத்தைக் கட்ட வரிசையில் நின்றார்கள். பதுக்கிவைத்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த மாதக் கடைசிக்குள் திரும்பி வந்துவிட்டது. நாலு மாதம் முடியாத காரியம் ஒரு வாரத்தில் முடிந்தது. அதற்குத் தேவையான அறிவு பிப்ரவரியிலும் இருந்தது, சட்டத்தின் பெரும்பகுதியைத் தயாரித்ததே ஹூவரின் நிதித்துறை அதிகாரிகள்தான். இரண்டு தரப்பும் நம்புகிற மாதிரி ஒரு குரல் மட்டும்தான் அப்போது இல்லை.

2008லும் கிட்டத்தட்ட இப்படித்தான். லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்து இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 29 அன்று, வங்கிகளுக்கான 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தை கீழவை 228க்கு 205 என்று தோற்கடித்தது. அன்று மட்டும் பங்குச் சந்தையின் டவ் குறியீடு 777 புள்ளி இறங்கியது. நாலு நாள் கழித்து சில சேர்க்கைகளோடு அதே அவை அதை நிறைவேற்றியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன், வங்கிக்காரன் சூதாடித் தோற்றதற்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற வாக்காளரின் கோபம் நியாயமானதுதான். 2011 நிலைமையோ இன்னும் மோசம். அங்கே லேமன் மாதிரி பெரிய வங்கி எதுவும் விழவில்லை. அரசு வாங்கக்கூடிய கடனுக்கான சட்ட வரம்பை உயர்த்துவதில் இரண்டு கட்சிகளும் கடைசி நிமிடம் வரை இழுபறி செய்ததையும் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லி, கடன் தரத்தை மதிப்பிடும் எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் மதிப்பீட்டை ஒரு படி இறக்கியது.

பிளவினால் நெருக்கடி என்று மட்டும் இல்லை, நெருக்கடியினால் பிளவும் வளர்கிறது. ஃபுங்கே, ஷூலரிக், ட்ரெபெஷ் என்ற மூவர் 1870 முதல் 2014 வரை 20 வளர்ந்த நாடுகளின் தேர்தல்களை ஆராய்ந்தார்கள். நிதி நெருக்கடிக்குப் பிறகு தீவிர வலதுசாரிக் கட்சிகளின் ஓட்டு சராசரியாக 30 சதவீதம் கூடுகிறது, பாராளுமன்றம் மேலும் துண்டு துண்டாகிறது. சாதாரண மந்தநிலைக்குப் பிறகு இந்த அளவுக்கு ஆவதில்லை. வேலை போனால் காலத்தைக் குறை சொல்லலாம், வங்கி விழுந்தால் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதானே தோன்றும்.

சரி, வைப்புத்தொகை. பணத்தை முடக்கிவிடுவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. 2001 டிசம்பரில் அர்ஜென்டினாவில் வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்க முடியாமல் செய்தார்கள். 2019க்குப் பிறகு லெபனானிலும் டாலர் கணக்கு வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் பொதுவான விஷயம், தாங்களே அச்சிட முடியாத டாலரில் கடன் மலையாகக் குவிந்திருந்தது. சொந்த நாணயத்தில் கடன் வாங்கிய அரசுக்கு வேறு வழிகள் உண்டு. அதில் பணத்தின் மதிப்பு கரையலாம், கணக்கு காணாமல் போகாது. வங்கி விழுந்தாலும் ஒரு வரம்பு வரை பணத்தைத் திருப்பித் தரும் வைப்புக் காப்பீடு அமெரிக்காவில் 1934ல் வந்ததிலிருந்து காப்பீட்டு வரம்புக்குள் இருந்த பணத்தை யாரும் இழந்ததில்லை. 2023ல் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியதற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கிருந்த பணத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த வரம்பைத் தாண்டியிருந்ததுதான். ஆகவே உங்கள் நாட்டில் வரம்பு எவ்வளவு என்று பாருங்கள், அதற்கு மேல் இருந்தால் இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுங்கள்.

தங்கம் கொஞ்சம் வைத்திருப்பதில் தப்பில்லை. எல்லாவற்றையும் மாற்றுவதுதான் வம்பு. 1980 ஜனவரியில், பீதி உச்சத்தில் இருந்தபோது, ஒரு அவுன்ஸ் 850 டாலருக்குப் போனது. அன்று வாங்கியவர் அந்த விலையை மறுபடி பார்க்க 2008 ஜனவரி வரை காத்திருந்தார், இடையில் ஏறிய விலைவாசி தனிக்கணக்கு.

உண்மையில் உங்களைப் போன்றவர்களுக்கு நெருக்கடி வங்கிக் கணக்கு வழியாக வருவது குறைவு, வேலை வழியாகத்தான் வரும். 2009 அக்டோபரில் அமெரிக்காவில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. அதனால் சில மாதச் செலவுக்கான பணத்தை உடனே எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், மாறும் வட்டியில் பெரிய கடன் இருந்தால் அதை முதலில் குறையுங்கள். வைப்புத்தொகை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.