கேள்வி நேரம்: பொட்டல்ல விழா, மைக்செட்டு என்ன போடலாம்?

இந்தத் தடவை வந்த கேள்வில பாதி சர்ச் ஆளுக அனுப்புனது, டிசம்பர் நெருங்குதுல்ல. அதையெல்லாம் ஒண்ணாச் சேத்துட்டேன், மத்தவுக கேள்வி அடுத்த இதழ்ல.

கேள்வி: அண்ணே, எங்க ஊர்ல ஆர்.சி., சி.எஸ்.ஐ., இன்னும் ரெண்டு சபை சேந்து ஊர் மொத்தத்துக்கும் இலவசமா ஒரு சாயங்கால விழா வைக்கிறோம். பாட்டு, நாடகம், கடைசில சாப்பாடு. மேடைக்கு ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் பாக்ஸ அடுக்கிரலாம்னு மைக்செட்காரர் சொல்றாரு, கமிட்டில பாதிப்பேரு எல்இடி வால் (பெரிய வீடியோ திரை) வேணும்ங்கிறாக. காசு ஒண்ணுக்குத்தான் இருக்கு, எதை எடுக்க? (வாசகர், தேவகோட்டை)

பதில்: முதல்ல சவுண்டு தம்பி, ஆனா அவர் சொல்ற மாதிரி இல்ல. டிக்கெட் இல்லாத விழாவுக்கு வேலியும் கிடையாது, சேர் போட்ட இடத்துல மட்டும் ஜனம் இருக்காது, பைக்க ஸ்டாண்டு போட்டு அதுமேல உக்காந்து பாக்குறவுக, பஞ்சுமிட்டாய் வண்டி பக்கத்துல புள்ளையோட நிக்கிறவுக, ரோட்டோரம் சும்மா எட்டிப்பாக்குறவுகன்னு பரந்து கிடக்கும். பொட்டல்ல சுவரும் இல்ல, சத்தம் போனா போனதுதான், தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும். 4 மீட்டர்ல இருக்குற ஆச்சிக்கும் 32 மீட்டர்ல நிக்கிறவருக்கும் 18 டெசிபல் வித்தியாசம். பின்னாடி கேக்கட்டும்னு மேடையிலயே ஏத்துனா முன்னாடி உக்காந்திருக்குற புள்ளைக காத பொத்திக்கும், பின்னாடி நிக்கிறவருக்கு அப்பயும் ‘தும் தும்’னு பேஸ் மட்டும்தான் வரும், நாடகத்துல என்ன பேசுறாகன்னே தெரியாது.

அதனால அதே பாக்ஸ ரெண்டாப் பிரிங்க. பாதி மேடையில, மீதிய 40 மீட்டர் தள்ளி ரெண்டு ஓரத்துலயும் ஆள் தலைக்கு மேல வர்ற மாதிரி ஸ்டாண்டு போட்டு, லேசா கீழ பாத்தாப்புல நிப்பாட்டுங்க. பின் பாக்ஸுக்கு பேஸே வேணாம், பேச்சு புரிஞ்சாப் போதும். ஒரு விஷயம், வயர்ல கரண்டு உடனே போயிரும், காத்துல சத்தம் மெதுவாத்தான் வரும், ஒரு மீட்டருக்கு கிட்டத்தட்ட 3 மில்லி செகண்டு. 40 மீட்டருக்கு பின் பாக்ஸ்ல 115 மில்லி செகண்டு டிலே (சத்தத்த அவ்வளவு தாமதிச்சு விடுறது) வைக்கலன்னா ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு தடவை கேக்கும். அதுக்கு மேல ஒரு பத்து பதினஞ்சு சேத்து வச்சா சத்தம் மேடையிலருந்தே வர்ற மாதிரி இருக்கும். இப்ப வர்ற டிஜிட்டல் மிக்ஸர்ல இது எல்லாம் உள்ளயே இருக்கு, டிலே போடத் தெரியுமான்னு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. மிக்ஸரையும் மேடை ஓரத்துல ஒளிச்சு வைக்காம கூட்டத்துக்கு நடுவுல வைக்கச் சொல்லுங்க, ஜனம் கேக்குறது அவர் காதுக்கும் கேக்கணும்ல.

எல்இடி வால் கல்யாணத்துல பாத்துப்பாத்து எல்லாருக்கும் ஆசை வந்துருச்சு. காசு மிஞ்சுனா போடுங்க, ஆனா அந்தக் காசுல மேடை முகப்புக்கு நல்ல வெளிச்சம் குடுத்தா நடிக்கிற புள்ளைக முகம் தெரியும், என்னையக் கேட்டா அதுதான் பெருசு.

கேள்வி: போன வருசம் கொயர் (சர்ச் பாட்டுக் குழு) பாடும்போது மைக்குல வாய் பட்டா சுர்ருன்னு ஷாக் அடிச்சுச்சு. ஜெனரேட்டர் சின்னதா இருந்ததாலயா? எத்தனை கேவிஏ எடுக்கணும்? (வாசகி, புதுவயல்)

பதில்: சின்ன ஜெனரேட்டர் ஷாக் அடிக்காதும்மா, எர்த் இல்லாததுதான் அடிச்சிருக்கு. ஸ்பீக்கர்ல ‘உர்ர்’னு ஹம் வந்தா நம்ம ஆளுக முதல் வேலையா ப்ளக்குல எர்த் பின்ன ஒடிச்சு விட்ருவாக, ஹம் போயிரும், அப்புறம் ஆம்ப்ளிஃபயர்ல கசியிற கரண்டு மைக்க புடிச்சவுக மேலதான் எறங்கும். ஹம்முக்கு வழி, சவுண்டு மொத்தமும் ஒரே இடத்துலருந்து கரண்டு எடுக்குறது, லைட்ட வேற ஃபேஸ்ல தள்ளி விடுறது. நம்ம பக்கம் செம்மண்ணும் செம்புராங்கல்லும், மேல காஞ்சா எர்த் கம்பி சரியாப் புடிக்காது, அதனால ஜெனரேட்டர் பக்கத்துல ஆழமா கம்பி அடிச்சு குழியில உப்பும் தண்ணியும் ஊத்தி வைக்கச் சொல்லுங்க. மேடைக்குப் போற லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு மாட்டணும், விலை ஒண்ணும் பெருசில்ல, கரண்டு கசிஞ்சா கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ட்ரிப் ஆயிரும்.

கேவிஏ கணக்கு சுளுவு. 62.5 கேவிஏன்னா 0.8ஆல பெருக்குனா 50 கிலோவாட். பழைய பார் லைட்டு (மேடைக்கு அடிக்கிற விளக்கு) ஒண்ணே 1000 வாட், இப்ப எல்இடி பார் வந்துருச்சு, ஒண்ணு 200 வாட்டுக்குள்ள அடங்கிரும், அதனால இந்த மாதிரி ஊர் விழாவுக்கு 62.5 தாராளம். அளவ விட பயப்பட வேண்டியது நியூட்ரல் வயருக்கு. த்ரீ ஃபேஸ்ல நியூட்ரல் லூசாச்சுன்னா ஒரு பக்கம் 230 வோல்ட்டு எகிறி 400 வரைக்கும் போகும், மிக்ஸர், கீபோர்டு எல்லாம் வரிசையாப் புகையும். ஜெனரேட்டர் ஸ்டார்ட் பண்ணுனதும் மூணு ஃபேஸையும் மீட்டர் வச்சுப் பாத்துட்டு அப்புறமா சாமான மாட்டச் சொல்லுங்க. எலக்ட்ரீசியன் விழா முடியிற வரைக்கும் அங்கயே இருக்கணும், கனெக்‌ஷன் குடுத்துட்டு சாப்பிடப் போறேன்னா விடாதீக.

கேள்வி: நாலு சபை, நாலு கொயர், நாலு கீபோர்டு. சவுண்டு செக் யாருக்கு முதல்லன்னு இப்பவே சண்டை. (வாசகர், காரைக்குடி)

பதில்: ஹா ஹா, எல்லா ஊர்லயும் உள்ளதுதான். கீபோர்டு ஒண்ணு, ட்ரம்ஸ் ஒண்ணு, எல்லாரும் அதுலதான் வாசிக்கணும்னு ஃபாதரும் சி.எஸ்.ஐ. ஐயரும் (போதகர்) பாஸ்டரும் சேந்து சொல்லிருங்க, கமிட்டி சொன்னா கேக்க மாட்டாக. ஒவ்வொரு கொயரும் எத்தனை பேர், எத்தனை மைக்கு, என்ன வாத்தியம்னு ஒரு தாள்ல எழுதி ஒரு வாரம் முன்னாடி மைக்செட்காரர்ட்ட குடுத்துரணும். சவுண்டு செக் தலைகீழா வைங்க, கடைசியாப் பாடுறவுக முதல்ல, முதல்ல பாடுறவுக கடைசில. அப்பத்தான் விழா ஆரம்பிக்கும்போது மேடையில இருக்குற மைக்கு அப்படியே முதல் கொயருக்குத் தோதா நிக்கும். எனக்கு முன்னாடி நீயாங்கிற பேச்சும் கொறையும், முழுசாப் போகாது.

கேள்வி: மழை வந்தா? (வாசகர், கண்டனூர்)

பதில்: டிசம்பர்ல வரத்தான் செய்யும். மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர், ஜங்ஷன் பாக்ஸ் மூணும் தரையிலருந்து ஒரு அடி ஒசரத்துல பலகை மேல, தார்ப்பாய் பக்கத்துலயே மடிச்சுக் கெடக்கணும். மழை இல்லாட்டியும் மார்கழிப் பனி மிக்ஸர் மேல எறங்கும், மேல ஒரு சின்னக் கூரை போடுங்க. மழைய விட காத்துக்குப் பயப்படுங்க, மேடைக்குப் பின்னாடி பெரிய ஃப்ளெக்ஸ் கட்டுனா அது பாய்மரம் மாதிரி காத்த வாங்கி ட்ரஸ்ஸயே (மேடையத் தாங்குற கம்பிச் சட்டம்) சாய்ச்சிரும். இடி கேட்டா கரண்ட ஆஃப் பண்ணி ஜனத்த அனுப்பிருங்க, அதை யாரு சொல்றதுன்னு ஒரு ஆள முன்னாடியே முடிவு பண்ணி வைங்க, அந்த நேரத்துல கமிட்டி கூட்டம் போட முடியாது.

கேள்வி: ராத்திரி எத்தனை மணி வரைக்கும் மைக் போடலாம்? கூம்புக் குழாய் கட்டலாமா? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: 2000ஆம் வருசத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10லருந்து காலைல 6 வரைக்கும் வெளியில மைக்கு கூடாது. பண்டிகைக்குன்னு அரசாங்கம் வருசத்துல 15 நாள் வரைக்கும் ராத்திரி 12 மணி வரை தளர்த்தலாம், ஆனா அரசாங்கம் அறிவிச்சாத்தான் உண்டு, நாமளா எடுத்துக்க முடியாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இருந்தா 100 மீட்டருக்குக் கெடுபிடி இன்னும் ஜாஸ்தி. அனுமதி எழுத்துல வாங்கணும், கூம்புக் குழாய்க்கு பெரும்பாலும் குடுக்க மாட்டாக, பாக்ஸ்தான். தேதி இன்னும் குறிக்கலன்னா, தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போற நாளத் தள்ளி வைங்க, அந்த வாரம் குன்றக்குடி ரோடு முழுக்கக் காவடி, போலீசும் கிடைக்க மாட்டாக, மைக்செட்டும் கிடைக்காது.