எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2011 மாடல் பொலிரோ பிக்கப், ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்றுகிற வண்டி. ஏற்றத்தில் இழுவை இல்லை, நீலப்புகை வருகிறது, ஆயில் குறைகிறது, மூன்றாவது கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ரெண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஒரு புரோக்கர், களியக்காவிளை தாண்டி ஒரு செட் கிடக்கிறது, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம், "ஆர்சி காரியமெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்கிறாராம். வாங்கலாமா, ஆர்சியில் எதையாவது மாற்ற வேண்டுமா என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே மாதத்தில் சேர்ந்து சாவது அபூர்வம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். அது பிஸ்டன் ரிங்காக இருக்கலாம், வால்வு சீலாக இருக்கலாம், டர்போ சீலாகவும் இருக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும், கம்ப்ரஷன் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம். இதைச் செய்யாமலே "மாத்திருங்க" என்று சொன்னால், அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை அல்லது பார்க்க விருப்பமில்லை என்று அர்த்தம். கியர் தானாக விடுவதற்கு உள்ளே ஃபோர்க், ஸ்பிரிங், ஸ்லீவ் தேய்ந்திருப்பது காரணமாகலாம். சில நேரம் மவுன்டிங் ரப்பர் உட்கார்ந்துபோனாலே கியர் விட்டுவிடும், அதற்குப் பாக்ஸைக் கழற்றவே தேவையில்லை. நியூட்ரலில் நிற்கும்போது வருகிற சத்தம் கிளட்ச் மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் முன்பக்கத்து பேரிங், மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். இதை வீட்டு முற்றத்தில் நின்றே நீங்கள் பார்த்துவிடலாம்.

என் யோசனை, உங்கள் எஞ்சினையே இறக்கி வேலை பாருங்கள். போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம் அல்லது லைனர் என்கிற புது உறையை இறக்கலாம், க்ராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை எல்லாம் நம் மாவட்டத்திலேயே லேத்தில் செய்கிறார்கள். எஞ்சின் நம்பர் இருப்பது பிளாக்கில். பிளாக் அதேதான் என்றால் நம்பரும் அதேதான், ஆர்சியில் ஒரு எழுத்துகூட மாற வேண்டாம். கியர்பாக்ஸ் நம்பர் ஆர்சியில் ஏறுவதே இல்லை, அதனால் பாக்ஸை மட்டும் வேறு வாங்கிப் போட்டாலும் ஆர்டிஓ பக்கம் போகத் தேவையில்லை, நல்ல பில் இருந்தால் போதும். பிஸ்டனைத் தாங்குகிற ராடு முறிந்து பிளாக்கைக் குத்தி ஓட்டை போட்டுவிட்டது, அல்லது பிளாக் வெடித்துவிட்டது என்றால் மட்டும்தான் வேறு எஞ்சினைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்படி யோசிக்கும்போதுதான் இந்தப் புரோக்கர்கள் வருகிறார்கள். "ஆர்சி நான் பாத்துக்கிடுதேன்" என்றால் என்ன செய்வார் தெரியுமா? வாங்கிய பிளாக்கில் இருக்கிற நம்பரை கிரைண்டரால் தேய்த்துவிட்டு உங்கள் பழைய நம்பரை பஞ்ச் வைத்து அடித்துக் கொடுப்பார். உங்கள் வண்டி எட்டு வருடம் தாண்டியது, வருடா வருடம் எஃப்சி, அதாவது தகுதிச் சோதனை உண்டு. தேய்த்த இடத்தில் விரலை வைத்தாலே இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குப் புரோக்கர் போனை எடுக்க மாட்டார், வண்டி உங்கள் பெயரில், கேள்வியும் உங்களிடம்தான் வரும். விபத்தில் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இதே வம்பு. அந்த எஞ்சின் திருட்டு வண்டியில் இருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவு வரைக்கும் போகும். நம்பர் தேய்த்த எஞ்சினை வாங்கிவிட்டு எனக்குத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என்சிஆர்பி (தேசியக் குற்ற ஆவணப் பிரிவு) இணையதளத்தில் எஞ்சின் நம்பர் முதலிய விவரங்களைக் கொடுத்து அந்த வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். விற்பவரின் பில், எஞ்சின் எந்த வண்டியில் இருந்து இறங்கியதோ அந்த ஆர்சியின் நகல், இந்த ரெண்டும் கையில் வராமல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது.

இன்னொரு கதையும் சொல்வார்கள்: "அந்த லாரிக்காரர் எத்தனை எஞ்சின் மாத்தினார், ஒரு பேப்பரும் போடல்லியே." அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவில், பத்துக்குக் குறையாமல் போக்குவரத்து வண்டிகள் வைத்திருப்பவருக்கு, முன் அனுமதி வாங்காமலே அதே மேக், அதே டைப் எஞ்சினை மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிக்கை போட்டு அனுமதி கொடுக்கலாம் என்று இருக்கிறது. பத்து வண்டி. உங்களிடம் இருப்பது ஒன்று. அண்ணன் தம்பி வண்டிகளைச் சேர்த்து எண்ணினாலும் கணக்காகாது, ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அந்தப் பத்து வண்டிக்காரரும் மாற்றிய 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவித்து ஆர்சியில் பதிவு செய்தே ஆக வேண்டும், அவருக்கு விலக்கு முன் அனுமதியில் மட்டும்தான். நீங்கள் முதலிலேயே விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்குங்கள், மாற்றிய பிறகு தாமதிக்காமல் ஆர்சியில் பதிவும் செய்துவிடுங்கள். வண்டி நம்பர் டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகம், டிஎன் 74 என்றால் நாகர்கோவில். பரிவாகன் இணையதளத்திலேயே வாகன மாற்றத்துக்கு விண்ணப்பம் இருக்கிறது.

ஆன்லைனில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், ஆனால் எனக்கே ஆற்றாமையாக இருக்கிறது. எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிய பிறகும் அதே காகிதத்தைக் கையில் கொண்டுவரச் சொல்கிறார்கள், சர்வர் இல்லை நாளைக்கு வாருங்கள் என்கிறார்கள், ஏற்றுக் கூலியை நம்பிப் பிழைப்பவன் எத்தனை நாள் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பான்? ஒரு அலுவலகத்தில் நான் ஒரே கையெழுத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். இப்படி இழுத்தடிப்பதால்தான் ஜனங்கள் புரோக்கரிடம் போகிறார்கள், பிறகு ஏமாந்தவனையே குற்றம் சொல்கிறார்கள். இருந்தாலும் நீங்கள் நேராகவே போங்கள், விண்ணப்ப நம்பரைக் குறித்து வையுங்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பம்ப் வைத்த பழைய வகை டிஐ எஞ்சினா, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் செலுத்துகிற காமன் ரெயிலா என்று கேளுங்கள். காமன் ரெயில் உங்கள் வண்டிக்குச் சரிவராது, ஈசியூ என்கிற அந்தக் கம்ப்யூட்டர், சென்சார், வயரிங் என்று செலவு போய்க்கொண்டே இருக்கும். மீன் ஏற்றிய வண்டியிலிருந்து இறக்கியதா என்றும் பாருங்கள், உப்பும் ஐஸ்தண்ணியும் போல்ட்டையெல்லாம் தின்றிருக்கும்.

எதைச் செய்தாலும் பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போதே கிளட்ச் செட்டையும் க்ராங்கின் பின்பக்கத்து ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள், பிறகு இதற்காக மறுபடி இறக்கினால் கூலி ரெட்டிப்பு. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் எஞ்சினை ஏற்றவிடாதீர்கள், பழையதைக் கொன்ற அதே அடைப்பு புதியதையும் கொல்லும். வேலை முடிந்து முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு பாதி லோடு மட்டும், பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடிக்க வேண்டாம், அது ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.