பைபர் படகில் ஏரா ஓரம் வெடிப்பு: அடைத்தால் போதுமா?

கூத்தங்குழியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, எங்க பைபர் படகு 28 அடி, வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. அணியத்துக்கு (முன்முனை) கொஞ்சம் பின்னால, உள்பக்கம் ஏராவை (அடியில நடுவே நீளமா ஓடுற முதுகெலும்பு) ஒட்டி ஒரு முழத்துக்கு வெடிப்பு. ரெண்டு தடவை எம்-சீல் பசை வச்சு அடைச்சாச்சு, மறுபடியும் தண்ணி வருது. கரையில ஏத்துறதுக்கும் முன்னைவிட ரெண்டு ஆள் கூட வேண்டியிருக்கு. மேல ஒரு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டிட்டா சரியாகுமா, இல்ல புதுசுதான் வாங்கணுமா?"

தம்பி, புதுசு வாங்க அவசரப்படாதீங்க. அதேபோல மேலே ஒரு மேட்டை ஒட்டி மூடிவிடவும் வேண்டாம், அது எம்-சீல் வைத்ததைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை.

நம் பெரியவர்கள் மர வள்ளம் ஓட்டியவர்கள், அந்தப் பழக்கம் கையில் இருக்கிறது. மரத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பொருத்து உண்டு, அதில் பஞ்சு திணித்துக் கலப்பத்து போட்டால் தண்ணீர் நின்றுவிடும். பாரத்தை ஏராவும் வங்குகளும் (விலா எலும்பு மாதிரி உள்சட்டங்கள்) பலகையும் தாங்கிக்கொள்ளும். பைபரில் படகின் சுவரான தோல்தான் பெரும்பாரத்தைத் தாங்குகிறது. தோலுக்குள் இருக்கும் கண்ணாடி நார் இழுவையைத் தாங்குகிறது, ரெசின் அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கும் பசை மட்டும்தான். நார் அறுந்த இடத்தில் எதைத் திணித்தாலும் தண்ணீர் கொஞ்ச நாள் நிற்குமே தவிர, வலு திரும்பாது. அடுத்த அலையில் அதே இடம் மறுபடி வளையும், அடைத்தது பெயர்ந்து வரும். உங்களுக்கு ரெண்டு தடவையும் நடந்தது அதுதான்.

ஏன் அந்த இடத்தில் வெடித்தது என்பதையும் பார்க்கணும். கல்லிலோ நங்கூரத்திலோ இடிபட்ட வெடிப்பு நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளியிலிருந்து சுற்றிலும் விரியும். உங்களுடையது ஏராவை ஒட்டி நீளமாக ஓடுகிறது என்றால், அது வளைந்து வளைந்து வந்தது. அலையோடு வந்து கரையில் ஏறும்போது அணியம் மணலில் குத்துகிறது, ஏரா நிற்கிறது, இரண்டு பக்க அடிப்பாகமும் மேலே எகிறுகிறது. கதவுக் கீல் மாதிரி அந்த ஓரம் மடங்கிக்கொண்டே இருக்கும்.

அதோடு நம் கரை மணலையும் சொல்லியாகணும். கூத்தங்குழி, உவரிப் பக்கம் செக்கச்செவேல் என்று கிடக்கிறதே, அது கார்னெட் என்ற கடினமான தாதுமணல். உப்புத்தாள் செய்யவும் அந்த மணலைப் பயன்படுத்துவார்கள். தினமும் படகை அதன்மேல் இழுத்தால் ஏராவும் பக்கத்து அடிப்பாகமும் தேயாமல் என்ன செய்யும்? தட்டையான பரப்பு ஒன்றின் கனம் பாதியானால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். 8 மில்லி இருந்த இடம் 4 மில்லி ஆனால் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் அலைக்குத் தகரம் மாதிரி துள்ளும்.

படகின் எடை கூடி, ஏற்ற ரெண்டு ஆள் அதிகம் வேண்டியிருப்பது தனி விஷயம், எனக்கு அதுதான் அதிகக் கவலை. மிதப்புக்காக அடியில் அடைத்திருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கும். ஒரு படகில் உள்தட்டை அறுத்து ஒரு கைப்பிடி ஃபோமை எடுத்து அழுத்தினேன், பழைய சோற்றைப் பிழிந்த மாதிரி முழங்கை வரை வழிந்தது. என்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் இருக்கும் பிளைவுட்டையும் சோதியுங்கள். போல்ட் துளைக்குக் கீழே, உள்பக்கமாக 6 மில்லி துளை ஒன்று போட்டு, வரும் தூளை விரலில் பிசைந்து பாருங்கள். காய்ந்த மரத்தூளாக வந்தால் சரி, துளையை அடைத்துவிடலாம். கறுத்துப்போய் ஈரமாக ஒட்டினால் பலகை போய்விட்டது, அதை மாற்றாமல் என்ஜின் மாட்டிக் கடலுக்குப் போகாதீங்க.

இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழைத்தண்ணீரைப் படகுக்குள் தேங்க விடுவது நம் ஊரில் பெரிய தப்பு. நல்ல தண்ணீர்தானே என்று நினைக்கிறோம். பைபருக்குக் கடல்தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் வேகமாக உள்ளே ஊறும், அப்புறம் கொப்புளம் கிளம்பும். கொப்புளத்தை உடைத்துப் பார்த்தால் வினிகர் நெடி அடிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒரு ரூபாய் நாணயத்தால் வெடிப்பைச் சுற்றி இரண்டு மூன்று அடி தூரத்துக்குத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீர் என்று கேட்கும், அடுக்கு பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். மந்தமான இடம் முழுவதையும் பென்சிலால் வட்டமிட்டு, கிரைண்டரால் நல்ல அடுக்கு தெரியும் வரை எடுத்துவிடணும், எம்-சீலில் ஒரு துணுக்குகூட இருக்கக்கூடாது. ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாக இழைக்கணும்: தோல் 8 மில்லி என்றால் சுற்றிலும் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் சரிவு, ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு. அந்தச் சரிவில்தான் புது நார் பழைய நாரைப் பிடிக்கும். இந்த வேலையை அவசரத்தில் குறைப்பவர்களே அதிகம், ஒட்டு உரிந்து வருவதும் அதனால்தான்.

அப்புறம் நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, நிழல் பந்தலில் காய விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் இருந்தால் இன்னும் ஆகவில்லை. வாரக்கணக்கில் ஆகலாம், பொறுத்துத்தான் ஆகணும். காய்ந்தபின் மேட், ரோவிங் (நெய்த கண்ணாடி நார்) என்று மாற்றி மாற்றி, பழைய கனத்துக்கு ஓரிரு அடுக்கு கூடவே போடுங்கள். உச்சி வெயிலில் போட்டால் ரெசின் ஊறுவதற்கு முன்பே இறுகிவிடும், பனி காய்ந்த காலை நேரம்தான் சரி. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதத்துக்குள் வையுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாகக் கலக்க வேண்டிய ரெசின் என்றால், கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேராகச் சேர்க்காதீங்க, வெடித்துவிடும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீங்க.

ஏராவுக்கு அடியில் தேய்வதற்கென்றே ஒரு மரக்கட்டை பொருத்துங்கள், தேய்ந்தால் கட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நாணயத்தால் தட்டிப் பார்த்துவிட்டு மந்தச் சத்தம் எத்தனை அடிக்குப் போகிறது, பின்பலகைத் தூள் எப்படி வந்தது என்று எழுதுங்கள். எத்தனை கிலோ ரெசின், எத்தனை மீட்டர் மேட் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன், அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.