சுகாவின் கல்லறை (கடிதம்)

ஐயா,

ஊரிலிருந்து அப்பா, அம்மா லண்டன் வந்திருக்கிறார்கள். நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள் ஏதாவது ஒரு பழைய கிராமத்தைக் காட்டலாம் என்று ஆசை. நீங்கள் அங்குள்ள பிராக்கன்ஹர்ஸ்ட் கிராமத்துக்குப் போய் வந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். நண்பர்களோ, "தெருவில் குதிரை திரியும், வேறொன்றும் இல்லை" என்கிறார்கள். ஒரு நாளைச் செலவழிக்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

க., லண்டன்

அன்புள்ள க.,

அவசியம் கூட்டிப் போங்கள். வாட்டர்லூ ரயில் நிலையத்திலிருந்து நேர் ரயில், ஒன்றரை மணி நேரம்தான்.

குதிரை விஷயம் உண்மை. மட்டக்குதிரைகள் கடைவீதியில் நம் ஊர் மாடுகளைப் போல நிற்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் 1079 வாக்கில் இந்தக் காட்டைத் தன் வேட்டைக்கென்று ஒதுக்கிக்கொண்டார். குடியிருந்தவர்கள் வேலி போடக் கூடாது என்றாயிற்று. பதிலுக்கு மேய்ச்சல் உரிமை கிடைத்தது. அது இன்றும் நடக்கிறது. இலையுதிர் காலமென்றால் பன்றிகளையும் பார்க்கலாம். ஓக் மரத்தின் பச்சைக் கொட்டை குதிரைக்கு விஷம், பன்றிக்கு விருந்து. அதனால் பன்றிகளைக் காட்டுக்குள் அவிழ்த்து விடுகிறார்கள். குதிரைக்குத் தீனி மட்டும் கொடுத்துவிடாதீர்கள், தடை இருக்கிறது.

அப்புறம், கடைவீதியோடு திரும்பிவிடாதீர்கள். ஊருக்குச் சற்று வெளியே மேட்டில் புனித நிக்கோலஸ் தேவாலயம் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் யூ மரத்துக்கு ஆயிரம் வயதுக்கு மேல்.

அங்கேதான் சுகா இருக்கிறார். வட இந்தியாவின் பரேலி நகரத்துக்காரர், துப்புரவுத் தொழிலாளி. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்திய வீரர்களுக்காக இந்த ஊரில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனை நடந்தது; அங்கே வேலைக்கு வந்தவர். 1915 ஜனவரியில், 30 வயதில் இறந்துபோனார். தீண்டத்தகாதவர் என்று சொல்லி இந்துக்கள் எரியூட்ட மறுத்தார்கள். முஸ்லிம் அல்ல என்பதால் வோக்கிங் ஊரில் முஸ்லிம்களைப் புதைக்கும் இடத்திலும் இடமில்லை. இவர் இங்கிலாந்துக்காக இறந்தவர், நான் அடக்கம் செய்கிறேன் என்று முன்வந்தவர் ஊர்ப் பாதிரியார். கல் நட்டவர்கள் ஊர்மக்கள். சுகா கிறிஸ்தவர் அல்ல என்பதையும் அதில் மறைக்காமல் பொறித்திருக்கிறார்கள்.

அந்தக் கல் பேரரசைப் பெருமையாகத்தான் பேசுகிறது. அது எனக்கு உறுத்தியது. ஆனால் பரேலியில் அவர் வாழ்ந்த மொகல்லாவின், அதாவது குடியிருப்புப் பகுதியின், பெயரும் அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடல் தாண்டி வந்து செத்த பிறகும் நம்மவர்கள் அவரிடம் சாதி பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒரு கிராமம் அவருடைய தெருவின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.

அதே வளாகத்தில் நியூசிலாந்து வீரர்கள் 90 பேருக்கு மேல் கிடக்கிறார்கள். அங்கும் கொஞ்சம் நில்லுங்கள். திரும்பும்போது மீரட் ரோடு என்ற பெயர்ப்பலகையை அப்பாவுக்குக் காட்டுங்கள். அந்த மருத்துவமனைக் காலத்தை நினைவூட்டும் பெயர் அது.

ஒரு நாள் போதும். லண்டனிலிருந்தே கொஞ்சம் பூ வாங்கிப் போங்கள்.