டவுனுக்குள்ளே வீடு: ஆறு கேள்விகள்

பழைய வீடுகளை அளந்து மதிப்புப் போடுவது என் தொழில். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கோவை டவுன்ஹாலைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் மற்ற ஊர்க்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரவணம்பட்டி அபார்ட்மெண்டை விட்டுவிட்டு, என் கணவர் கடைக்குப் பக்கமாக, ராஜவீதிக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு பார்த்திருக்கிறோமுங்க. "நம்ம சனம் ஒருத்தரும் இல்லாத இடத்துல போய் எப்படி இருப்பே?" என்று ஒறம்பரை எல்லாம் பயமுறுத்துகிறார்கள்.

அந்தப் பக்கத்தில் எந்தச் சனமுமே தனியாக இல்லை அம்மணி, அதுதான் விஷயம். தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசும் தேவாங்கர், உருது பேசும் குடும்பங்கள், ராவுத்தர், குஜராத்திகள், மார்வாடிகள், மலையாளிகள் எல்லாரும் அங்கேதான். கோனியம்மன் கோயில், ஒப்பணக்கார வீதிப் பள்ளிவாசல், பெரியகடை வீதித் தேவாலயம் மூன்றையும் ஒரே நடையில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

உங்கள் உறவினர்களின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். குண்டுகள் வெடித்த 1998 பிப்ரவரி 14 இந்த ஊரில் யாருக்கும் மறக்காது. அதற்கு அப்புறம் வீட்டை விற்றுக்கொண்டு போனவர்கள் எல்லாத் தரப்பிலும் உண்டு. அதை மூடி மறைத்து உங்களுக்கு வீடு வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தேதியை மட்டும் வைத்துத் தெருவை எடை போடாதீர்கள். மாசித் தேரின்போது பள்ளிவாசல் முன்னால் தண்ணீர் பாட்டில் கொடுப்பதைப் பத்திரிகைகள் படம் போடும். படம் போடாத சங்கதிதான் உங்களுக்கு முக்கியம்: சாக்கடை அடைத்தால் தெருவில் யார் யாரிடம் போய்ச் சொல்கிறார்கள், சிறுவாணித் தண்ணீர் வராத நாளில் போர்வெல் வைத்திருப்பவர் யாருக்குக் குடம் நிரப்பித் தருகிறார்.

அதைத் தெரிந்துகொள்ள மூன்று தடவை போய்ப் பாருங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை மதியம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை. புரோக்கரைக் கூட்டிப் போகாதீர்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். அந்தத் தெருவில் யார் வாடகை பாக்கி, யார் வீட்டில் பாகப்பிரிவினைச் சண்டை என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

பார்த்திருக்கும் வீடு 2 சென்ட். 15 அடி அகலம், 58 அடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டின சுவர். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா?

கட்டலாம். ஆனால் டவுனுக்குள் வீடு வாங்கிக் கெட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் சுவரில்தான் கெட்டிருக்கிறார்கள்.

முதலில் பத்திரத்தில் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தைப் படியுங்கள். "மேற்குப் பொதுச்சுவரில் பாதி பாத்தியம்" என்று இருந்தால் அந்தச் சுவர் உங்களுடையது மட்டுமல்ல. பக்கத்து வீட்டு உத்திரம் அதன்மேல் உட்கார்ந்திருக்கலாம். அப்படியே கீழே வந்து நடை பாத்தியம், சலதாரைப் பாத்தியம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டு மழைத்தண்ணீர் உங்கள் பொடக்காணி (கொல்லைப்புறம்) வழியாகத்தான் போக வேண்டும் என்று தாய்ப் பத்திரத்திலேயே இருக்கும். நீங்கள் கான்கிரீட் போட்டு மூடின பிறகுதான் அது ஞாபகத்துக்கு வரும். எழுத்தில் இல்லாவிட்டாலும் 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்துவந்த வழிக்கும் வெளிச்சத்துக்கும் 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி உரிமை கேட்க முடியும்.

அடுத்தது இடம். பொதுச்சுவரைத் தொடாமல் உங்கள் பக்கம் முக்கால் அடிச் சுவர் எழுப்பினால், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி போய்விடும். 58 அடி நீளத்துக்கு 87 சதுர அடி. 2 சென்ட் என்பதே 871 சதுர அடிதான். பத்தில் ஒரு பங்கு சுவருக்கே போகிறது. விலை பேசும்போது இதைச் சொல்லிப் பேசுங்கள். பழைய வீதிகள் சிலவற்றைத் தொடர்கட்டடப் பகுதி என்று குறித்திருப்பார்கள். அங்கே பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. உங்கள் தெரு அதில் வருகிறதா என்று மாநகராட்சி நகரமைப்புப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் இடிக்கும் காலம். எங்கள் பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்து வீட்டை வாங்கியவர் ஐப்பசியில் இடித்தார். ஒன்றரை அடி கன மண்சுவர், அதுவரை கூரைக்குள் இருந்தது, திடீரென்று மழையில் நின்றது. மூன்றாம் நாள் ராத்திரி பெரியப்பா வீட்டு அறைக்குள் சரிந்தது. எல்லாரும் ஆசாரத்தில் (கூடத்தில்) படுத்திருந்ததால் தப்பினார்கள். கோவைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். தை பிறந்த பிறகு இடியுங்கள். இடிக்கும் முன் பக்கத்து வீட்டு விரிசல்களை அவர்களையும் வைத்துக்கொண்டு படம் எடுங்கள், எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், முட்டுக் கொடுங்கள். அஸ்திவாரத்தை ஒரே நீளமாகத் தோண்டாமல் துண்டு துண்டாகத் தோண்டச் சொல்லுங்கள். மேஸ்திரி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

ஒரு வீடு சந்தை விலையில் பாதிக்கு வருகிறது. "அடிமனை கோயிலுக்கு, கட்டடம் மட்டும் நமக்கு, எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்கிறார்கள்.

வேண்டாம். கோயில் நிலத்தையோ வக்பு நிலத்தையோ உரிய அனுமதி இல்லாமல் கிரயம் பதிய முடியாது. பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவு அதற்காகவே இருக்கிறது. பேங்க் லோனும் கிடைக்காது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதைக் காட்டுவார்கள். அதில் ஏமாறாமல், நகர நில அளவைப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. அப்பா இறந்துவிட்டார். பையன்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் புரோக்கர்.

போதாது. இறந்தவர் எந்த மதமோ, அந்த வாரிசுச் சட்டம்தான் பேசும். முஸ்லிம் குடும்பத்தில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, மகளுக்கு மகனின் பங்கில் பாதி. பங்கு சின்னது என்பதற்காகக் கையெழுத்து தேவையில்லை என்று ஆகாது. அம்மாவும் அக்கா தங்கைகளும் வந்து போட வேண்டும்.

இந்து வீடாக இருந்தால் நம் ஆட்கள் வேறு தப்புப் பண்ணுவார்கள். உயில் எழுதாமல் இறந்தவருடைய சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாய்க்கும் சம பங்கு உண்டு. மகன் போன பிறகும் உயிரோடிருக்கும் அந்த ஆத்தாவை வாரிசுப் பட்டியலில் விட்டுவிட்டு எழுதின பத்திரங்களை நானே பார்த்திருக்கிறேன்.

வீடு 40 லட்சம். கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?

முத்திரைத்தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4-லிருந்து 2 ஆனது, கூடவே கைடுலைன் மதிப்பையும் (அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு) ஏற்றினார்கள். ஆக 9 சதவீதம், 3 லட்சத்து 60 ஆயிரம். 40 லட்சம் வீட்டுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி 80 சதவீதம் வரைதான் லோன். மீதி 8 லட்சம் உங்களுடையது. மொத்தம் 11 லட்சத்து 60 ஆயிரம். பதிவுச் செலவை லோனில் சேர்க்க மாட்டார்கள். ஓட்டு வீட்டுக்கு மதிப்பீட்டாளர் கட்டடத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமே போட மாட்டார் என்பதால் 32 லட்சமும் கிடைத்துவிடும் என்று நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் சலுகை உண்டே என்று கேட்பீர்கள். அது 10 லட்சம் வரையிலான சொத்துக்கு. டவுனுக்குள் 10 லட்சத்துக்குப் பொடக்காணிகூட வராது.

சந்து ஒன்பது அடிதான். கார் எங்கே நிறுத்துவது?

நிறுத்த முடியாது. மாத வாடகைக்கு வெளியே இடம் பிடியுங்கள், இல்லையென்றால் ஸ்கூட்டரோடு இருந்துவிடுங்கள். கடைவீதியே காலடியில் இருக்கும்போது பாதி வேலைக்கு வண்டியே வேண்டாம். காரை விட, பீரோவும் கட்டிலும் உள்ளே போகுமா என்று பாருங்கள். போன வருடம் ஒருவர் கிரயம் முடித்துக் குடிபோன அன்று இரண்டு கதவு பிரிட்ஜ் படிக்கட்டில் திரும்பவில்லை. எதிர்வீட்டு மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். கயிறு அந்த எதிர்வீட்டுக்காரருடையது.