மரபணு சிகிச்சை: வெக்டர் செல்லைத் தொட்ட பிறகு

வைரஸ் வெக்டர் என்றால் நோய் தரும் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்த வைரஸ். அதை உடம்புக்குள் செலுத்துவது பாதி வேலைதான். மீதியைச் செல் செய்ய வேண்டும். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த மீதியைப் பற்றியவை.

தென்காசியிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு ஏழு மாதம். எஸ்எம்ஏ டைப் 1 (தசையை இயக்கும் நரம்புச் செல்கள் அழியும் பரம்பரை நோய்) என்று சொல்லிவிட்டார்கள். மரபணு ஊசிக்கு முன்னால் ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லையே, எதற்கு?

அம்மா, அந்த டெஸ்ட்டை விட்டுவிடாதீர்கள். இந்த ஊசியில் மரபணுவைச் சுமந்து போவது ஏஏவி9 என்ற வைரஸின் கூடு, அதாவது அதன் வெளிப்புற உறை. ஏஏவி குடும்பத்து வைரஸ்கள் மனிதருக்கு நோய் எதுவும் தருவதாகத் தெரியவில்லை. அதனால்தான் அவை வந்து போனது யாருக்கும் தெரிவதில்லை. நம்மில் பலருக்கு ரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடி இருக்கும். உங்களுக்கு இருந்தால், கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போயிருக்கும். ஆன்டிபாடி கூட்டின் மேல் ஒட்டிக்கொண்டால், அது செல்லைப் பற்றிக்கொள்ள வேண்டிய இடம் மறைந்துபோகும். மருந்து வீணாகும். ஆன்டிபாடி அளவு 1:50-க்கு மேல் இருந்தால், அதாவது 50 மடங்குக்கு மேல் நீர்த்தும் தெரிந்தால், ஊசி போடுவதில்லை. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி என்றால் போகப்போகக் குறையும், மறுபடி எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த இடைவெளியில் சும்மா காத்திருக்க வேண்டாம். எஸ்எம்ஏவுக்கான மற்ற மருந்துகளான, வாய்வழி கொடுக்கும் ரிஸ்டிப்ளாமோ முதுகுத்தண்டில் போடும் நுசினெர்சென்னோ தொடங்க முடியுமா என்று உடனே கேளுங்கள். இறந்துபோன நரம்புச் செல்லை எந்த வெக்டராலும் எழுப்ப முடியாது.

ஊசி ஒரே ஒரு முறைதான். கிலோவுக்கு 110 லட்சம் கோடி வெக்டர் துகள் ஏறுகிறது. அதன்பின் உடம்பில் ஆன்டிபாடி மளமளவென்று ஏறிவிடும். அதே கூடு இரண்டாம் முறை வேலை செய்யாது. ரத்தத்தில் ஏறியதில் பெரும்பங்கு கல்லீரலுக்கே போகிறது. கல்லீரல் செல் கூட்டை உடைத்து அதன் துணுக்குகளை வெளிச்சுவரில் காட்டும். அதைக் காணும் டி-செல்கள் (எதிர்ப்புச் சக்திச் செல்கள்), வைரஸ் புகுந்த செல் என்று எண்ணித் தாக்கும். இதை அடக்கத்தான் ஊசிக்கு முந்தைய நாளே ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள்: கிலோவுக்கு தினம் 1 மில்லிகிராம் பிரெட்னிசலோன் அளவு, 30 நாள். பிறகு கல்லீரல் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. ரத்தத்தில் கல்லீரல் என்சைம் ஏறினால் முகத்தில் தெரியாது. கல்லீரல், பிளேட்லெட், ட்ரோபோனின் (இதயத்துக்கானது) டெஸ்ட்டுகள் குறைந்தது 3 மாதம் ஓடும்.

இன்னும் இரண்டு விஷயம். 9-ஆம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி உயிருள்ள வைரஸ். ஸ்டீராய்டு நாட்களில் அது விழாதபடி தேதியை இப்போதே டாக்டரிடம் பேசி மாற்றி வையுங்கள். வெக்டர் மலத்தில் வெளியேறும். ஒரு மாதத்துக்கு டயப்பரை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிப் போடுங்கள், தூக்கிய கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பாட்டி, அத்தை எல்லாருக்கும் சொல்லி வைக்கவும். பெற்றோர் இருவரும் கேரியர் (நோய் இல்லாமல் பழுதான மரபணுவைச் சுமப்பவர்) என்றால் அடுத்த கருவுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் பெண் எடுத்த குடும்பங்களில் கூடப்பிறந்தவர்களும் டெஸ்ட் எடுத்துக்கொள்வது நல்லது.

அம்பாசமுத்திரம் வாசகர்: கோவிஷீல்டும் வைரஸ் வெக்டர்தானே. என் மரபணு மாறியிருக்குமா?

இல்லை. ஒரு டோஸில், அதாவது அரை மில்லியில், சுமார் 5,000 கோடி சிம்பன்சி அடினோவைரஸ் துகள் இருந்தது. பெருகுவதற்கான ஈ1 மரபணு அதில் நீக்கப்பட்டது. அதன் டிஎன்ஏ செல்லின் கருவுக்குள் போகும், ஆனால் தனியாகவே கிடக்கும். நம் குரோமோசோமை வெட்டி ஒட்டும் என்சைம் அதனிடம் கிடையாது. ஸ்பைக் புரதம் காட்டிய செல்லை நம் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடும். தடுப்பூசிக்குத் தேவையானதும் அதுதான்.

சங்கரன்கோவில், ஹீமோபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உள்ளவர், வயது 29: வேலூரில் லென்டி வைரஸ் வைத்துச் சிகிச்சை என்கிறார்கள். அது எச்ஐவி என்று கேள்விப்பட்டேன். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான், விவரத்தையும் சேர்த்துப் பாருங்கள். லென்டி வெக்டர் எச்ஐவியிலிருந்து உருவானது உண்மை. நோய் உண்டாக்கும் துணை மரபணுக்கள் நீக்கப்பட்டவை. மீதியை மூன்று நான்கு பிளாஸ்மிட்டுகளாக (சிறு டிஎன்ஏ வளையங்களாக) பிரித்து வைத்துத்தான் கூட்டைக் கட்டுகிறார்கள். உங்களுக்குள் போவதில் பெருகும் தகுதி இல்லை.

வேலூர் சிஎம்சியின் முறையில் வைரஸை நேராக ரத்தத்தில் ஏற்றுவதில்லை. உங்கள் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, வெளியே வெக்டரோடு சேர்த்து, கீமோ கொடுத்து மஜ்ஜையில் இடம் ஒதுக்கி, பிறகு திருப்பி ஏற்றுகிறார்கள். 22 முதல் 41 வயது வரையிலான 5 பேருக்குச் செய்த முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. செல் ஊன்றியபின் யாருக்கும் ரத்தக்கசிவு இல்லை. லென்டி வைரஸ் குரோமோசோமில் பதிந்துவிடுவதால் ஸ்டெம் செல் பிரியப்பிரிய மரபணுவும் கூடவே போகும். ஏஏவி அப்படிப் பதிவது மிக அரிது. செல் பிரிந்தால் அது கரைந்துபோகும்.

பதிவதில் ஆபத்தும் இருக்கிறது. பழைய காமா-ரெட்ரோவைரஸ் வெக்டரில் எஸ்சிஐடி (பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத நோய்) குழந்தைகள் 20 பேரில் 5 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பெரும்பாலும் எல்எம்ஓ2 என்ற மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதைத் தூண்டிவிட்டது. இப்போதைய லென்டி வெக்டரில் அப்படித் தூண்டும் முனை வெட்டப்பட்டிருக்கிறது. இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு வேண்டும். கீமோவுக்கு முன் விந்தணு சேமிப்பு பற்றிக் கேளுங்கள். இன்னொன்று: லென்டி சிகிச்சைக்குப் பின் எச்ஐவியின் மரபணுவைத் தேடும் என்ஏடி டெஸ்ட் சில சமயம் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். சிகிச்சை பெற்ற சீட்டைப் பர்ஸிலேயே வைத்திருங்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டுங்கள்.

வள்ளியூர் வாசகர்: டூசென் நோய்க்கு (டிஸ்ட்ரோஃபின் புரதம் இல்லாமல் தசை சிதையும் நோய்) ஏன் முழு மரபணுவையே கொடுப்பதில்லை?

கொள்ளாது. டிஸ்ட்ரோஃபின் புரதத்துக்கான குறியீடு மட்டும் சுமார் 11,000 எழுத்து. ஏஏவி கூட்டில் 4,700 வரைதான் அடங்கும். ஆகவே நடுப்பகுதியைச் சுருக்கிய மைக்ரோ டிஸ்ட்ரோஃபின். தசை உடம்பெங்கும் இருப்பதால் டோஸும் பெரிது. வளர்ந்த பையனுக்கு எடை கூடும், டோஸ் கூடும், கல்லீரல் சுமையும் கூடும். எலெவிடிஸ் என்ற மைக்ரோ டிஸ்ட்ரோஃபின் மருந்தைப் பெற்ற, நடக்க முடியாத நிலையிலிருந்த இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்ததாக 2025-ல் செய்தி வந்தது. இதைச் சொல்லாமல் நம்பிக்கை மட்டும் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அபிஷேகப்பட்டி, முதுகலை மாணவி: எச்இகே293 செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்) ஏஏவி9-ஜிஎஃப்பி, அதாவது பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணு சுமந்த வெக்டர், போட்டேன். 24 மணி நேரத்தில் பச்சை ஒளி துளிகூட இல்லை. எங்கே தப்பு?

இரண்டு இடத்தில் இருக்கலாம். முதலாவது வாசல். ஏஏவி9 பற்றுவது செல் மேலுள்ள கேலக்டோஸ் சர்க்கரையை. தட்டில் வளரும் பல செல்களில் அதன் மேல் சயாலிக் அமிலம் மூடியிருக்கும். விலங்கின் உடம்பில் மூளை வரை போகிற ஏஏவி9 தட்டில் மந்தமாக இருப்பது இதனால்தான். ஏஏவி2 ஹெப்பரான் சல்ஃபேட்டைப் பற்றும், எச்இகே செல்லில் நன்றாகப் புகும். (மீடியத்தில் ஹெப்பரின் இருந்தால் அதுவே ஏஏவி2-வைப் பிடித்துக்கொள்ளும்.) ஏஏவி9 கட்டாயம் என்றால் நியூராமினிடேஸ் கொண்டு சயாலிக் அமிலத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது நேரம். புகுந்த கூடு செல்லுக்குள் எண்டோசோம் என்ற சிறு பைக்குள் கிடக்கும். பை புளிக்கப் புளிக்க, உள்ளே மடிந்திருந்த விபி1 புரதத்தின் முனை கூட்டின் துளை வழியே வெளியே நீளும். அந்த முனையிலுள்ள என்சைம் பையின் சுவரை அரித்து வழி திறக்கும். கூடு 25 நானோமீட்டர்தான், செல் கருவின் துளையில் முழுசாகவே நுழையும். 90 நானோமீட்டர் அடினோவைரஸ் வாசலில் நின்று டிஎன்ஏவை மட்டும் உள்ளே தள்ளும். கருவுக்குள் ஏஏவியின் ஒற்றை இழைக்குச் செல் மறு இழை பின்ன வேண்டும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். 48, 72 மணியில் பாருங்கள்.

அளவு: 24 குழித் தட்டில் குழிக்கு 50,000 செல், செல்லுக்கு 1 லட்சம் வெக்டர் ஜீனோம் என்றால் மொத்தம் 500 கோடி. மில்லிக்கு 1 லட்சம் கோடி உள்ள ஸ்டாக்கில் அது 5 மைக்ரோலிட்டர். நீர்த்த வெக்டர் டியூபின் சுவரில் ஒட்டிப் போய்விடும், 0.001% ப்ளூரானிக் எஃப்-68 கலந்த பிபிஎஸ்ஸில் நீர்க்கச் செய்யுங்கள். ஸ்டாக்கைச் சிறு சிறு பங்காக மைனஸ் 80-ல் வையுங்கள், ஐஸில் உருக்குங்கள், உருகியதைத் திரும்ப உறைய விடாதீர்கள்.

கூடவே ஒரு குழியில் அதே பிளாஸ்மிட்டை வைரஸ் இல்லாமல் நேராகச் செல்லுக்குள் செலுத்துங்கள் (டிரான்ஸ்ஃபெக்ட்). அது ஒளிர்ந்தால் புரோமோட்டரும் (மரபணுவை இயக்கும் பகுதி) மைக்ரோஸ்கோப் ஃபில்டரும் சரி. பிறகு வெக்டர் போட்ட செல்லை டிரிப்சினில் கழுவி, மேலே ஒட்டியதை நீக்கி, உள்ளிருக்கும் ஜீனோமை க்யூபிசிஆரில் எண்ணுங்கள். எண்ணிக்கை சொற்பம் என்றால் வாசலில் தப்பு. நிறைய இருந்தும் ஒளி இல்லையென்றால் பையிலோ கருவிலோ சிக்கியிருக்கிறது. அப்போது மறு இழையையும் கூடவே சுமக்கும் செல்ஃப்-காம்ப்ளிமென்டரி வெக்டருக்கு மாறலாம், ஆனால் அதில் இடம் பாதிதான்.