பாட்டியை வாய் மூட வைத்தது யார்?

கேள்வி: 14 மாதப் பெண் குழந்தை. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் பேசுகிறோம். தினமும் ரைம்ஸ் வீடியோ, படம் போட்ட அட்டைகள் காட்டுகிறோம். கோவில்பட்டி மாமியார் எங்களோடு இருக்கிறார். 'ஏட்டி, வாட்டி' எல்லாம் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று அவரிடம் பக்குவமாகச் சொன்னோம், புரிந்துகொண்டார். வேறு என்ன செய்யலாம்?
- வாசகி, வேளச்சேரி

பதில்: புரிந்துகொண்டாரா? மகன் வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று புரிந்துகொண்டிருப்பார். பகல் முழுக்கக் குழந்தையோடு பேச ஆளிருந்த வீட்டில் அந்த ஆளை வாய் மூட வைத்துவிட்டு, பேச்சு வரவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அந்த அம்மா எண்ணெய் தேய்த்துவிடும்போது குழந்தை ஜன்னலைக் காட்டி 'ஆ' என்னும். 'என்னட்டி, காக்காவைப் பாத்தியா?' என்று கேட்டுவிட்டு அது மறுபடி 'ஆ' சொல்லும் வரை காத்திருப்பார். பேச்சு வருவது அந்தக் காத்திருப்பில்தான். வீடியோ யாருக்காகவும் காத்திருக்காது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளை வைத்து 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆள் நேரில் உட்கார்ந்து சீன மொழி பேசியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டன; அதையே டிவியில் பார்த்த வேறு குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒரு வயதில் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019-லேயே சொல்லிவிட்டது.

ஆங்கிலம் பேசுங்கள், யார் தடுத்தது? ஆனால் 'கம், ஈட், நோ' என்று அதட்டுவது பேச்சில் சேராது. இரண்டு மொழி கேட்டால் குழம்பும் என்பதும் வெறும் பயம். சவுகார்பேட்டைப் பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள், வீட்டில் மார்வாடி, தெருவில் தமிழ். 'ஏட்டி' ஒட்டிக்கொண்டால்தான் என்ன, அவள் அப்பா பேசிப் பழகிய பேச்சுதானே அது?

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குழந்தைகள் டாக்டரிடம் சொல்லி, இந்த வாரமே காதைப் பரிசோதித்துவிடுங்கள். குக்கர் விசிலுக்குத் திரும்புகிறாளே என்று இருந்துவிட வேண்டாம். பெரிய சத்தம் கேட்கும் காதுக்கு மெல்லிய பேச்சு கேட்காமல் போகலாம். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி உங்களுக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை.

அப்புறம், மாமியாரிடம் நீங்களே போய் 'தப்பாச் சொல்லிட்டேன் அத்தை' என்று சொல்லுங்கள். கணவரைத் தூது அனுப்பாதீர்கள். சொல்லிவிட்டு, குழந்தையை அவர் மடியில் விட்டு, டிவி ரிமோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.